உப்புக்குப் போன வழியில்

திருச்சியில் காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோடிக்கரையில் இறங்கிவிடலாம். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். அதுவும் பஸ்ஸில்! முடிந்த இடத்தில் எல்லாம் டவுன் பஸ், முடியாத இடத்தில் மொபசல் பஸ். "ஏன், காருக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்காதவர் இல்லை. பஞ்சம் ஒன்றுமில்லை. மூன்று நாள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

சமாசாரம் இதுதான். தமிழ்நாட்டு வனத்துறை ஏரி, குளம், கடற்கரை எங்கும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. தொண்டர்களாகக் கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விடியுமுன் எழுந்து, சேற்றிலும் உப்பளத்து வரப்பிலும் நடந்து, பைனாகுலரில் பார்த்துப் பார்த்து எண்ணி எழுத வேண்டும். விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெண்ணுக்குக் கோடிக்கரையில் இடம் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் ஆரம்பித்த பேச்சு பொங்கல் வரை ஓயவில்லை.

"வயசுப் பொண்ணைக் காட்டுக்கு அனுப்பிட்டு நீ இங்க நிம்மதியா தூங்குவியாம்மா?" என்றார் என் மாமியார்.

இவளோ, "பாட்டி, அது காடில்லை, கடற்கரை" என்று சமாதானம் சொன்னாள். பாட்டிக்குக் காடே தேவலை என்று ஆகிவிட்டது!

எனக்கும் இரண்டு மனசுதான். அனுப்பக் கூடாது என்றில்லை. ஆனால் ஒரு ஜீப் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய், முன்பின் தெரியாத மண்ணில் இறக்கிவிட்டு, "எண்ணு" என்றால் அவள் எதை எண்ணுவாள்? அந்த மண் யாருடையது, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் அதில் பாடுபடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போகட்டுமே என்று பட்டது. அதோடு, எனக்கும் மனசு பக்குவப்பட மூன்று நாள் தேவைப்பட்டது.

வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து புறப்பட்டார். ஏறக்குறைய 150 மைல். சித்திரை வெயிலில் நாளொன்றுக்குப் பத்து மைல் கணக்கில் நடந்து, 28-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ராஜாஜிக்கு வயது 51. ரயிலில் போயிருந்தால் ஒரு ராத்திரிப் பிரயாணம். ஆனால் உப்பு அள்ளுவது கடைசி வேலை. அதற்கு முன் ஊர் ஊராகத் தங்கி, கதர் பேசி, தீண்டாமை ஒழியப் பேசி, ஜனங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்களே, அதுதான் பாதி வேலை என்று நினைக்கிறேன். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த வழிநடைப் பாட்டு இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் கேட்கிறது.

அவர்கள் போன பாதையின் ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியாது. முக்கியமான ஊர்களைத் தொட்டுக்கொண்டு போவதென்று முடிவு செய்தோம்.

முதலில் கல்லணை. சின்ன வயசில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. கரிகாலன் கட்டியது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறோம். ஆனால் அது தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை அல்ல, பங்கு பிரிக்கும் இடம் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரிகிறது. காவிரிக்கு ஒரு பங்கு, வெண்ணாற்றுக்கு ஒன்று, 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய்க்கு ஒன்று, வெள்ளம் வந்தால் மிச்சம் கொள்ளிடத்துக்கு. நாலு பிள்ளை பெற்ற வீட்டில் அம்மா சாதம் பரிமாறுகிற மாதிரி. சண்டை வராமலா இருக்கும்! மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் இங்கே வந்து சேர மூன்று நாலு நாள் ஆகும். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவார்கள். நாங்கள் போனது மூடுவதற்குச் சில நாள் முன்னால். தண்ணீர் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி கோடிக்கரைக்குப் போகுமாம்மா?" என்று கேட்டாள்.

"போனாத்தான் கடைமடைக்காரங்களுக்குச் சோறு" என்றார் பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர், எனக்கு முன்னால் முந்திக்கொண்டு.

கடைமடை என்ற வார்த்தையை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பறவைப் பெயர்கள் எழுதுவதற்கென்று வாங்கிய நோட்டு அது.

திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. ஆராதனை சமயத்தில் போனால் நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாளில் தியாகராஜர் சமாதியில் காவிரிக் காற்றும் நாமும்தான். இந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொத்தை எல்லாம் போட்டு எழுப்பி 1925-இல் கும்பாபிஷேகம் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனால் பெண்கள் அங்கே பாடக் கூடாதென்று தடை இருந்தது! அந்த அம்மாள் சளைக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகவே உற்சவம் நடத்தினார். பிறகுதான் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1952-இல் அவர் காலமானபின், அவருக்கும் அங்கேயே சமாதி அமைந்தது. தியாகராஜரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். என் பெண் அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றாள்.

தஞ்சாவூரைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? பெரிய கோயிலைப் பற்றி எழுதாதவர் இல்லை. ராத்திரி என் அத்தை வீட்டில் தங்கினோம். அத்தை வெந்தயக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டு, இவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "சேத்துல நடக்கப் போறியா கண்ணு? அப்ப தெனம் ராத்திரி கால்ல விளக்கெண்ணெய் தடவிட்டுப் படு" என்றாள். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. பதினாலு வயசில் நாற்று நட்டவளுக்குச் சேறு என்ன புதுசா?

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் போகிற பெண்கள் பாதிப் பேர் வழியில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. "இறங்கினால் எங்கே போவது?" என்ற பயம். மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு, தாகத்தையும் அடக்கிக்கொண்டு போய், வீடு சேர்ந்ததும் நீர்க்கடுப்பு, எரிச்சல், ஜுரம். இதற்குப் பயந்து வெளியூர்ப் பிரயாணத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். சின்னச் சின்ன தூரமாகப் பஸ் மாறிப் போனதில் இந்த ஒரு சௌகரியம் பெரிதாக இருந்தது. கோயில், உறவினர் வீடு, சுத்தமான ஓட்டல் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர், அது தீரத் தீர நிரப்புவது. முகாமுக்கும் இதே விதிதான் என்று சொல்லி அனுப்பினேன். மாதவிலக்கு நாள் அந்தச் சமயத்தில் வருமா என்று கணக்குப் பார்த்து, வராது என்றாலும் தேவையானதைப் பையில் தனியாகச் சுற்றி வைத்தாயிற்று. உபயோகித்ததைக் காகிதத்தில் மடித்துத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் வைத்தேன். கடற்கரையில் புதைத்துவிட்டு வரக் கூடாதல்லவா? முழுக்கை பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, பழகிய பழைய ஷூ. புது ஷூவைப் போட்டுக்கொண்டு இம்மாதிரி நடைக்குப் போனால் முதல் நாளே குதிகால் கொப்புளித்துவிடும். ஒரு மாதமாக இரண்டு பேரும் விடியற்காலை ஆற்றங்கரையில் நடந்து பழகியிருந்தோம். முதல் வாரம் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மறுநாள் கும்பகோணம். காப்பியைப் பற்றி எதிர்பார்ப்பீர்கள். குடித்தோம், நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு கதை.

யாத்திரை புறப்பட்டபோது தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஆறு மாத ஜெயில் என்று பத்திரிகையில் போட்டு, நோட்டீஸ் அடித்து, தண்டோராவும் போட்டார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே தம் வீட்டில் தொண்டர்களைத் தங்க வைத்தார். ஆறு மாதம் சிறைக்கும் போனார். எல்லோராலும் அப்படி முடியுமா? முடியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் வரும் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் கலெக்டர் யாரைப் பிடிப்பார்?

சரித்திரப் புத்தகத்தில் இது ஒரு வரி. எனக்கு மட்டும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அத்தனை பேருக்கும் சோறு வடித்தது யார்? புளி கரைத்தது யார்? இலை தைத்து, வாழை நாரில் இறுக்கிக் கட்டி, பொழுது விடியுமுன் எடுத்துக் கொடுத்தது யார்? பெயர் எங்கும் இல்லை. அடுப்படியில் நின்ற கைகளாகத்தான் இருக்க வேண்டும். பிடிபட்டால் வீட்டு ஆம்பிளைக்கு ஜெயில் என்று தெரிந்தே வடித்திருக்கிறார்கள்.

வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அரை மணி நேரம். வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மாவுக்கு நல்ல வியாபாரம். அங்கிருந்து ஆட்டோ பிடித்து மூணாறு தலைப்பு பார்த்துவிட்டு வந்தோம். கல்லணையில் பிரிந்த வெண்ணாறு இங்கே மறுபடி மூன்றாகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. இப்படிப் பிரிந்து பிரிந்து, கைரேகை மாதிரி மெலிந்து போய்த்தான் கடல் பக்கம் சேருகிறது. "கிளைக்குக் கிளை மெலிஞ்சுக்கிட்டே போகுதும்மா" என்று அவளே சொன்னாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மன்னார்குடிக்குப் போகிற வழி எங்கும் சம்பா அறுவடை. வயல் முழுக்க மஞ்சள். அறுவடை மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கிராமத்தில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டோம். சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள் நாலு பெண்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குமேல் இருந்தால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். மழையில் நனைந்த வருஷங்களில் விதியைத் தளர்த்துவதுண்டு. அதனால் வெயில் அடிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குப் பணம்.

"யக்கா, அறுப்பு வேலை இல்லியா?" என்று கேட்டேன்.

"மெஷின் வந்த பெறவு ஏதும்மா அறுப்பு? கருக்கருவா துருப்புடிச்சுக் கூரையில கெடக்கு. நடவுக்குக் கூப்புடுவாக, களையெடுக்கக் கூப்புடுவாக. அறுப்புக்கு ஆளு வேண்டாம்" என்றார் மூத்தவர். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். பிறகு என் பெண்ணைக் கூப்பிட்டு, அறுத்த தாளுக்கு நடுவே குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு இலை விட்ட உளுந்து! அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரமண்ணில் விதைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணின் ஈரமும் தைப் பனியும்தான். நம் வீட்டு இட்லியில் பாதி இப்படி வளர்ந்தது. மெஷின் சக்கரம் ஏறின இடத்தில் மட்டும் முளை நசுங்கிக் கிடந்தது. "அதுக்குத்தான் கையறுப்பு" என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே.

"பாப்பா எங்க போவுது?"

"கோடிக்கரைக்கு. பறவை எண்ண."

"எண்ணி?"

இவள் பதில் தேடினாள். "எத்தனை வருது, குறையுதா கூடுதான்னு பார்க்கத்தான் அக்கா."

"எங்களையும் எண்ணச் சொல்லு" என்றார் இன்னொரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். என் பெண் சிரிக்கவில்லை.

மன்னார்குடியில் இரவு. ராஜகோபாலன் கோயிலைவிட எனக்குப் பிடித்தது ஹரித்ராநதி. நதி என்று பெயர், ஆனால் குளம். கடல் மாதிரிக் குளம்! காவிரியின் மகள் என்று ஊரில் சொல்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கொண்டுவந்த எள்ளுருண்டையைத் தின்றோம். இவள் போனில் பாட்டியைக் கூப்பிட்டு, அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் சொன்னாள். பாட்டி பறவையைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்கெல்லாம் நெல்லு எப்படி வெளஞ்சிருக்கு?" என்றுதான் கேட்டார். உரத்தநாட்டுப் பக்கம் பிறந்தவர். கடைசியில், "சரி, பத்திரமா போய்ட்டு வா" என்றார். மூன்று வாரமாக வராத வார்த்தை.

மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி. இந்த ஊர்ப் பக்கம் ஆதிரெங்கத்தில்தான் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். அழிந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல்லில் 174 வகையைத் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பரில், ஐம்பது வயதிலேயே காலமானார். இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை வேறு விவசாயிக்குக் கொடுப்பது அவர் வழக்கம். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, காட்டுயானம் என்று இன்று பட்டணத்துக் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதற்குப் பின்னால் இம்மாதிரி ஆட்களின் அலைச்சல் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பூங்கார் அரிசிக் கஞ்சி கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் "பாரம்பரிய அரிசிதானே" என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. அரிசி அரிசிதான்.

அதற்கப்புறம் மண் மாறுகிறது. வயல் குறைந்து, மணலும் மல்லிகைத் தோட்டமுமாக வருகிறது. வேதாரண்யம் முல்லைப்பூவுக்குப் பேர்போன ஊர். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னையும் மாவும் சாய்ந்த இடங்களில் இப்போது இளங்கன்றுகள். முற்றின மரத்தோப்புகளுக்கு நடுவே திடீர் திடீரென்று வெட்டவெளி தெரிந்தால், அது கஜாவின் கைவேலை.

ஊருக்குள் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைப் பார்த்தோம். ராஜாஜியையும் தொண்டர்களையும் வேதாரண்யத்தில் வரவேற்றுத் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. அதற்காகச் சிறையும் சொத்துப் பறிமுதலும் கண்டவர். பெண்பிள்ளைகளுக்காக 1946-இல் அவர் தொடங்கியதுதான் குருகுலம்.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக ஸ்தூபி. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதாகி ஆறு மாதம் சிறை போனார். தலைவரைப் பிடித்தால் முடிந்துவிடும் என்று சர்க்கார் நினைத்தது. முடியவில்லை. வேதாரண்யத்தில் தொடர்ந்து உப்பெடுத்துக் கைதானவர்களில் ஒருவர் ருக்மிணி லட்சுமிபதி. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அதே அம்மையார் 1946-இல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியானார். பதினாறு வருஷத்தில் உப்பளத்திலிருந்து மந்திரி நாற்காலி! இதைப் பாடப்புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

ஸ்தூபியைச் சுற்றி உப்பளம். நாங்கள் போனபோது அந்த வருஷத்து உற்பத்திக்குப் பாத்திகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் கனக்க வைத்து, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்க விடுகிறார்கள். வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறைய. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. அத்தை சொன்ன விளக்கெண்ணெயின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒரு சிட்டிகை கல்லுப்பு எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தாள் என் பெண். "கைக்குதும்மா" என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோடிக்கரை. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலி ஞாபகம் வராமல் இராது. 1967 முதல் இது வனவிலங்கு சரணாலயம். முறுக்குக் கொம்பு வெளிமான்களுக்காக ஏற்பட்டது. 2002 முதல் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. பூநாரைகள் தூரத்தில் ரோஜா நிறக் கோடாக நின்றன. ஆனால் வழிகாட்ட வந்த இளைஞர் எங்களுக்குக் காட்டியது வேறு. சேற்று ஓரத்தில், சிட்டுக்குருவி அளவில், ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்த சாம்பல் நிறக் கூட்டம். கொசு உள்ளான். ஒன்றின் எடை இருபத்தைந்து கிராம் சொச்சம். முட்டையிடுவது ரஷ்யாவின் வட துருவ ஓரத்தில். அங்கே பனி மூடினதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இந்தச் சேற்றுக்கு வருகிறது. வழியில் இறங்கி இறங்கி, இரை தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் வருமாம்.

"நாம வந்த மாதிரி" என்றாள் இவள்.

முகாமில் இவளோடு பெண்கள் ஆறு பேர். தங்குமிடம், கழிப்பறை, தாழ்ப்பாள், தண்ணீர் எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன். பொறுப்பில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். அவர் நம்பரைக் குறித்துக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவர்கள் இதற்கெல்லாம் வெட்கப்படக் கூடாது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆறரை மணிக்கு வேதாரண்யம் பஸ் வந்தது. "அம்மா, நீ ஏறு. எனக்கு வகுப்பு ஆரம்பிக்குது" என்றாள். பஸ் திரும்புவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைக் காலம். வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை 11 கிலோமீட்டர், பஸ் உண்டு. சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு அதிகமில்லை. சரணாலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொசு அதிகம், வேப்பெண்ணெய் எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு வேதாரண்யத்திலேயே கட்டிக்கொண்டு போவது நல்லது.